பத்து நிமிடக் கூடைப்பந்தும் ஒரு பாவக் கணக்கும்

பிலிப்பைன்ஸின் விசயாஸ் தீவுகளில் ஒன்றிலிருந்து ஓர் இளைஞர் எழுதியிருக்கிறார். வயது 20; சொந்த ஊர் கொங்கு நாட்டில். வெளியுலகம் ‘மார்மன்’ என்று சொல்லிப் பழகிவிட்ட, ஆனால் அந்தப் பட்டப்பெயரைத் தவிர்த்துத் தன் முழுப்பெயரையே பயன்படுத்தும்படி 2018 முதல் வலியுறுத்திவரும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில், இவர் பிறப்பதற்கு முன்பே இவருடைய தாய் ஞானஸ்நானம் பெற்றவர். தந்தை இல்லை. அச்சபையின் ஆண்பிள்ளைகள் 18 வயது நிறைந்தபின் 24 மாத முழுநேர ஊழியத்துக்குச் செல்வது எதிர்பார்க்கப்படும் கடமை. அதற்காகக் கல்லூரிப் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு, தாய் வளையல்களை அடகு வைத்து வாங்கித் தந்த கோட்டும் வெள்ளைச் சட்டைகளுமாகப் பத்து மாதங்களுக்கு முன் இவர் அங்கே போயிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

காலை 6.30 மணிக்கு எழுகிறார்கள். உடற்பயிற்சி, சிற்றுண்டி, தனி வேதவாசிப்பு, தோழருடன் (இணையாக நியமிக்கப்படும் சக ஊழியர்) சேர்ந்து படிப்பு, செபுவானோ மொழிப் பயிற்சி என்று காலை கழிகிறது. பிறகு இரவு ஒன்பது மணி வரை வெயிலிலும் மழையிலும் வீடு வீடாக நடை, 10.30க்கு விளக்கை அணைக்கிறார்கள். குளியலறை தவிர வேறெங்கும் தோழரின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத தூரத்துக்குப் போகக் கூடாது. திங்கட்கிழமை மட்டும் துணி துவைக்கவும் சந்தைக்குப் போகவும் வீட்டாருடன் பேசவும் நேரம் உண்டு. முதல் சில மாதங்கள் தமக்கு மகிழ்ச்சியாகவே இருந்ததாக எழுதுகிறார். சந்தையில் ‘மங்கா’ என்று கூவி மாம்பழம் விற்கக் கேட்ட அன்று, ஊர் அவ்வளவு தூரத்தில் இல்லை என்று தோன்றியதாம்.

ஆறாவது மாதம் புதிய தோழர் வந்தார். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலிருந்து வந்த 19 வயதுப் பையன். நல்லவன்தான், ஆனால் அணுவளவும் பிசகாத கீழ்ப்படிதல் இருந்தால்தான் ஆவியானவர் உடன் இருப்பார் என்று உறுதியாக நம்புகிறவன். ஒரு மாலை, தெருப் பையன்கள் கூடைப்பந்து ஆடுவதைப் பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டார் நம் வாசகர். அன்றிரவே, ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்திருந்த ஐந்து பேர் கொண்ட குடும்பம் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டது. அன்றிலிருந்து நான்கு மாதங்களாக அதிகாலை 4.30க்கே விழிப்பு வந்துவிடுகிறது. ஒரே ஜெபத்தைச் ‘சரியாக வந்துவிட்டது’ என்று தோன்றும் வரை பத்து, பதினைந்து முறை சொல்கிறார். அன்றாடம் மீறிய விதிகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, அந்தப் பகுதியின் ஊழியத்தை நடத்தும் ஊழியத் தலைவருக்கு வாரந்தோறும் அனுப்பும் மடலில் அறிக்கையிடுகிறார். எடை 7 கிலோ குறைந்திருக்கிறது. “சாலையைக் கடக்கும்போது லாரி ஒன்று மோதிவிட்டால் யாருக்கும் அவமானம் இல்லாமல் முடிந்துவிடுமே என்று நினைக்கிறேன்” என்று ஒரு வரி.

அவருடைய கேள்விகள் நான்கு. தன் விசுவாசக் குறைவினால்தான் யாரும் மனம் மாறவில்லையா? மாத்திரை சாப்பிட்டால் தேவனை நம்பவில்லை என்று ஆகிவிடுமா? கடவுச்சீட்டு ஊழிய அலுவலகத்தில் இருப்பதால், விரும்பினாலும் திரும்ப முடியாதா? திரும்பினால் அம்மாவின் கதி என்ன?

அன்புள்ள தம்பிக்கு,

நான் உங்கள் சபையைச் சேர்ந்தவள் அல்ல. ஆனால் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் ஒரு பல்கலைக்கழக ஆலோசனை மையத்தில் சில ஆண்டுகள் பணியாற்றியபோது, ஊழியம் முடித்து வந்தவர்களும் பாதியில் திரும்பியவர்களுமாக உங்கள் வயதுப் பிள்ளைகள் பலர் என் எதிரில் அமர்ந்து பேசியிருக்கிறார்கள். உங்கள் நம்பிக்கை சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை அல்ல. அதற்குள் நின்றுகொண்டே உங்களுக்கு உதவ முடியும் என்று நினைப்பதால்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த லாரி

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே இதைப் பற்றித் தனி மடல் எழுதினேன். ஊழியத் தலைவரின் மனைவியிடம் இந்த ஒன்றை மட்டும் சொல்லிவிட்டதாகப் பதில் வந்த பிறகே இது வெளியாகிறது. இருந்தாலும், இதே நிலையில் இருக்கும் வேறு யாரேனும் படிக்கக்கூடும் என்பதால் மறுபடியும் சொல்கிறேன். சாக வேண்டும் என்று திட்டமிடுவது வேறு, செத்தால் நன்றாயிருக்கும் என்று நினைப்பது வேறு என்று பலர் தங்களைத் தேற்றிக்கொள்கிறார்கள். அந்த இரண்டுக்கும் நடுவே சுவர் கிடையாது; தூக்கமில்லாத இரவுகள் சேரச் சேர ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மனம் நகர்ந்துவிடும். அந்த எண்ணம் எப்படி, எங்கே, எப்போது என்ற விவரங்களோடு வரத் தொடங்கினால், கீழே நான் சொல்லப்போகும் வேறெதற்கும் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனை, தோழரை உடன் அழைத்துக்கொண்டு, விதி எதுவானாலும், நேரம் எதுவானாலும். பிலிப்பைன்ஸில் தேசிய மனநல மையத்தின் அவசர உதவி எண் 1553. ஊரிலிருக்கும் அம்மாவுக்கு யாரிடமாவது பேச வேண்டியிருந்தால் இந்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இருக்கிறது; அங்கே தமிழிலேயே பேசலாம்.

கூடைப்பந்துக்கும் அந்தக் குடும்பத்துக்கும் என்ன தொடர்பு?

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. அந்தக் குடும்பத் தலைவரின் தாய் தீவிரக் கத்தோலிக்கர் என்றும், மகனும் பேரப்பிள்ளைகளும் வேறு சபைக்குப் போவதை நினைத்து இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதார் என்றும் மூன்றாம் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஏறத்தாழ நானூற்றைம்பது ஆண்டுகளாகக் கத்தோலிக்க மரபில் ஊறிய ஊர் அது; அங்கே ஒரு கிழவியின் கண்ணீருக்கு இருக்கும் கனத்தை ஒரு தமிழ்ப் பையனுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காரணத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு, மூன்று பக்கம் தள்ளி வேறொரு காரணத்தை, அதுவும் உங்களையே குற்றவாளியாக்கும் காரணத்தை, ஏன் தேடிப் பிடித்தீர்கள் என்பதே நான் கேட்க விரும்பும் கேள்வி.

இதற்கு மருத்துவத்தில் பழகிய விடை ஒன்று இருக்கிறது. கை கழுவிக்கொண்டே இருப்பவர்களையும், பூட்டிய கதவைப் பத்து முறை இழுத்துப் பார்ப்பவர்களையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஓசிடி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் எண்ணச் சுழற்சி நோய் அது. அதே நோய் பக்தியுள்ள ஒருவரைப் பிடிக்கும்போது அழுக்கையோ பூட்டையோ பற்றிக்கொள்வதில்லை. அவர் எதை மிக உயர்வாக மதிக்கிறாரோ அதையே பற்றிக்கொள்கிறது. ‘பாவம் செய்துவிட்டேனோ’ என்ற ஐயம் எழுகிறது, நெஞ்சு பதைக்கிறது, ஜெபம் அல்லது அறிக்கை அந்தப் பதைப்பைச் சற்றே தணிக்கிறது, தணிந்ததாலேயே, அடுத்த முறை ஐயம் எழும்போது மனம் மறுபடியும் அதையே கேட்கிறது. நாளடைவில் தணியும் நேரம் குறைந்து, கேட்கும் அளவு கூடுகிறது. நீங்கள் வாரந்தோறும் அனுப்பும் பட்டியல் நான்கு மாதத்தில் அரைப் பக்கத்திலிருந்து மூன்று பக்கமாக வளர்ந்ததற்குக் காரணம் உங்கள் பாவங்கள் பெருகியது என்று நான் நினைக்கவில்லை.

இது உங்கள் சபைக்கு மட்டும் உரிய நோயும் அல்ல. மார்ட்டின் லூதர் துறவியாக இருந்த காலத்தில் மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்து தம் குருவைக் களைப்படைய வைத்தார். இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரும் 1522 வாக்கில் மன்ரேசாவில் இதே வேதனையில் உயிரை விடும் எண்ணம் வரை போனவர். ஏற்கெனவே அறிக்கையிட்ட பாவங்களை மறுபடி தோண்டுவதில்லை என்று முடிவெடுத்த பிறகே அவர் மீண்டார். ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் இன்றைய சிகிச்சையும் ஏறக்குறைய அந்த வழியில்தான் போகிறது. ஐயம் எழட்டும், பதைக்கட்டும், ஆனால் அதைத் தணிக்கும் சடங்கைச் செய்யாமல் பதைப்பு தானே வடியும் வரை இருந்து பழகுவது என்பதே அதன் சாரம். கேட்க எளிது, செய்யக் கடினம். ஆகவேதான் பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் வேண்டும்.

ஒரு கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் சூட்டக் கூடாது. மனச்சோர்வு மட்டுமாகவும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். எடை இவ்வளவு குறைந்திருப்பதால் தைராய்டு, காசம், வயிற்றுப் புழு ஆகியவற்றையும் மருத்துவர் பார்த்துவிட வேண்டும். எனினும் உங்கள் முதல் கேள்விக்கு இப்போதே விடை சொல்லலாம்: பிறர் மனம் மாறாததற்கு உங்கள் விசுவாசம் காரணம் என்று காட்டும் எதையும் உங்கள் கடிதத்தில் நான் காணவில்லை. உங்கள் சபையின் ஞாயிறு பள்ளியை 1849இல் சால்ட் லேக் பள்ளத்தாக்கில் தொடங்கிய ரிச்சர்ட் பாலன்டைன் என்பவர் 1853இல் நம் சென்னைக்கு வந்து ஏறத்தாழ ஓராண்டு ஊழியம் செய்தார். பத்திரிகைகூட அச்சிட்டுப் பார்த்தார். மிகச் சிறு கூட்டமே சேர்ந்தது. அவர் எந்தத் தெருவில் நின்று எதை வேடிக்கை பார்த்தார் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

“உன்னை மறந்துவிட்டு வேலையைப் பார்”

உங்கள் தோழர் சொன்னதாக நீங்கள் எழுதியிருக்கும் கதை எனக்கும் தெரியும். சோர்ந்துபோன எல்லா ஊழியக்காரர்களுக்கும் யாரேனும் ஒருவர் அதைச் சொல்லியிருப்பார். 1933இல் இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரில் ஊழியத்துக்கு வந்திறங்கிய கார்டன் ஹிங்க்லி என்ற இளைஞர், தன் நேரமும் தந்தையின் பணமும் வீணாவதாக வீட்டுக்கு எழுதினார். ‘உன்னை மறந்துவிட்டு வேலையைப் பார்’ என்று தந்தை சுருக்கமாகப் பதில் எழுதினார். மகன் முழங்காலிட்டு ஜெபித்துவிட்டு எழுந்து வேலையில் இறங்கினார். பிற்காலத்தில், 1995இல், சபைக்கே தலைவரானார். அழகான கதை. உண்மையும்கூட. வீட்டு ஏக்கத்தால் முதல் சில வாரங்கள் துவண்டு கிடக்கும் ஒருவருக்கு அது நல்ல மருந்துதான். என்னிடம் வந்தவர்களில் சிலருக்கு அது பலித்ததை நானே கேட்டிருக்கிறேன்.

உங்களுக்கு அது பொருந்தாது. சாப்பிடவும் தூங்கவும் மறக்கும் அளவுக்கு உங்களை நீங்கள் ஏற்கெனவே மறந்தாயிற்று. காய்ச்சல்காரனை ஓடவிட்டு வியர்வையில் காய்ச்சலைப் போக்க நினைப்பது போன்றது இந்த அறிவுரை, உங்கள் நிலையில். உங்கள் தோழர் தீய எண்ணத்தோடு சொல்லவில்லை; அவருக்கும் வயது 19 என்பதை மறந்துவிடாதீர்கள். அவரிடமும் அந்தப் பயம் இருக்கலாம்.

அணுவளவும் பிசகாத கீழ்ப்படிதலுக்கு ஆதாரமாக மார்மன் புஸ்தகத்தின் ஆல்மா 57ஆம் அதிகாரத்தைக் காட்டுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதே புஸ்தகத்தில் மோசியா 4:27, மனிதன் தன் பலத்துக்கு மிஞ்சி வேகமாக ஓட வேண்டியதில்லை என்கிறது. உங்கள் சபையின் இன்னொரு வேதநூலான கோட்பாடும் உடன்படிக்கைகளும் 10:4 ஏறக்குறைய அதையே, சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்துக்கே சொல்கிறது. முதல் வசனத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருப்பவர்கள் அடுத்த இரண்டையும் பக்கத்திலேயே ஒட்டியிருக்கலாம். 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை நீங்கள் தமிழிலேயே படித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வேற்று மொழியில் ஓயாமல் ஜெபித்துக் களைத்திருக்கும்போது தாய்மொழி வேதம் கொஞ்சம் இளைப்பாறுதல் தரும். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றி கண்ட எலியா, சீக்கிரத்திலேயே வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறான். தூதன் வந்து கண்டிக்கவில்லை; எந்த விதியை மீறினாய் என்றும் கேட்கவில்லை. தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் வைத்து எழுப்புகிறான். தின்றுவிட்டு மறுபடி தூங்குகிறான் எலியா. தூதன் மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். கேள்விகள் எல்லாம் நாற்பது நாளுக்குப் பிறகு, ஓரேப் மலையில்தான்.

மாத்திரையைப் பற்றி உங்களுக்குள்ள தயக்கத்துக்கும் இங்கேயே விடை சொல்லிவிடுகிறேன். உங்கள் சபையின் அப்போஸ்தலராக இருந்த ஜெஃப்ரி ஹாலண்ட், 2013 அக்டோபர் பொது மாநாட்டில், தாமே ஒரு காலத்தில் மனச்சோர்வில் விழுந்ததைச் சொல்லி, தகுதி வாய்ந்த மருத்துவ உதவியை நாடும்படி அழுத்தமாகப் பேசினார். அதே ஆண்டு ஊழியக்காரர்களுக்காகச் சபை வெளியிட்ட கையேடு, மன அழுத்தத்தைப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நான்கு நிலைகளாகப் பிரித்து, எந்த நிலையில் யாரிடம் போக வேண்டும் என்று சொல்கிறது. தேடிப் படியுங்கள், நீங்கள் பச்சையில் இல்லை. இந்த வகை நோய்க்குத் தரப்படும் மாத்திரைகள் பழக்கத்துக்கு அடிமையாக்குபவை அல்ல. அதேபோல், நாளைக்கே பலன் தருபவையும் அல்ல. எண்ணச் சுழற்சி நோயில் முழுப் பயன் தெரிய இரண்டு, மூன்று மாதங்கள்கூட ஆகலாம். தொடங்கும் முதல் வாரங்களில் உங்கள் வயதினரிடம் படபடப்போ சாகும் எண்ணமோ கூடுகிறதா என்று கவனிக்க வேண்டும். மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

இருப்பதா, திரும்புவதா?

நீங்கள் இதை இரண்டே கதவுகளாகப் பார்க்கிறீர்கள்: பல்லைக் கடித்துக்கொண்டு மீதிப் பதினான்கு மாதங்களைக் கழிப்பது, அல்லது தோற்றுப்போய் விமானம் ஏறுவது. இடையில் வேறு வழிகள் இருக்கின்றன.

அங்கேயே இருந்து சிகிச்சை பெறுவதையே நான் முதலில் முயலச் சொல்வேன், லாரி எண்ணம் பின்வாங்கியிருக்கும் வரை. ஒவ்வொரு ஊழியப் பகுதித் தலைவருக்கும் உதவியாக, அந்த வட்டாரத்துக்கென்று மருத்துவ ஆலோசகரும் மனநல ஆலோசகரும் உண்டு. இதுவரை நீங்கள் தலைவருக்கு எழுதியதெல்லாம் ‘இந்த வாரம் இன்னின்ன தவறு செய்தேன்’ என்ற வகை மடல்கள். அவர் ஒரு மேய்ப்பரைப் போல ஆறுதலும் புத்திமதியும் சொல்லிப் பதில் எழுதியிருக்கிறார். பாவ அறிக்கை கேட்பவருக்கு நோய் கண்ணில் படாமல் போவது இயல்பு. இந்தத் திங்கட்கிழமை வேறு விதமாக எழுதுங்கள். வேண்டுமானால் இதையே மொழிபெயர்த்துக்கொள்ளலாம்: “நான்கு மாதங்களாக எனக்குத் தூக்கம் சரியில்லை. 7 கிலோ குறைந்துவிட்டேன். ஒரே ஜெபத்தையும் ஒரே பாவ அறிக்கையையும் நிறுத்த முடியாமல் திரும்பத் திரும்பச் செய்கிறேன். இதை ஆவிக்குரிய ஆலோசனை கேட்டு எழுதவில்லை. மருத்துவ உதவி கேட்டு எழுதுகிறேன். இந்த வாரத்துக்குள் மனநல மருத்துவர் ஒருவரைப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள்.” தவறுகளின் பட்டியலை இதோடு இணைக்காதீர்கள். இணைக்காததற்காக ஒரு பதைப்பு வரும், வரட்டும்.

சிகிச்சையோடு சில மாற்றங்களையும் கேட்கலாம்: வேறு தோழர், குறைந்த நடை, மருத்துவமனை பக்கத்தில் உள்ள பகுதி. ஆறு வாரத்துக்கு ஒருமுறை எப்படியும் சிலருடைய தோழர்களையும் இடங்களையும் மாற்றுகிறார்கள்; உங்களுக்காகத் தனியாக எதையும் உடைக்க வேண்டியதில்லை. தோழரைப் பற்றிக் குறை சொல்லாமலே இதைக் கேட்க முடியும்.

ஆறு முதல் எட்டு வாரம் இப்படிப் பார்த்தும் எடை ஏறவில்லை, தூக்கம் திரும்பவில்லை என்றால், மருத்துவக் காரணத்துக்காக வீடு திரும்புவது தண்டனையாகக் கருதப்படுவதில்லை. உடல்நலம் கருதி விடுவிக்கப்படுபவர் மதிப்புடனேயே விடுவிக்கப்படுகிறார். குணமானபின் மறுபடி ஊழியத்துக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் தங்கியபடியே செய்யும் சேவை ஊழியம் என்ற வழியும் இப்போது உண்டு. உங்கள் ஊரில் அதற்கு என்ன வாய்ப்பு இருக்கிறது என்று தலைவரிடமே கேளுங்கள். அங்கே தரமான சிகிச்சை கிடைக்காவிட்டாலும், தமிழில் மனம் திறந்து பேச வேண்டும் என்ற ஏக்கம் அதிகமாக இருந்தாலும், இந்த வழியை இன்னும் முன்னதாகவே எடுக்கலாம். ஊழியமே வேண்டாம் என்று முடிவு செய்வதும் உங்கள் உரிமைதான். ஆனால் நோயின் நடுவில் அப்படிப்பட்ட பெரிய முடிவுகளை, இருப்பதென்றாலும் போவதென்றாலும், எடுக்காமல் தள்ளிப்போடும்படியே என்னிடம் வருபவர்களுக்குச் சொல்வேன்.

கடவுச்சீட்டும் இரகசியமும்

நீங்கள் வயது வந்தவர்; சம்பளமின்றி, சொந்த விருப்பத்தின்பேரில் ஊழியம் செய்பவர். உங்கள் விருப்பத்துக்கு மாறாக உங்களை அங்கே இருத்தி வைக்க எவருக்கும் அதிகாரம் இல்லை. விசா வேலைகளுக்காகவோ தொலைந்துவிடாமல் இருக்கவோ அலுவலகம் கடவுச்சீட்டை வாங்கி வைத்திருக்கலாம். ஆனால் இந்தியக் கடவுச்சீட்டு, 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, எப்போதும் மத்திய அரசின் சொத்து. நீங்கள் கேட்டால் திருப்பித் தர வேண்டும். எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் மணிலாவிலுள்ள இந்தியத் தூதரகம் இருக்கிறது. பெரும்பாலும் அந்த அளவுக்குப் போகாது என்றே நினைக்கிறேன். இதுவரை நீங்கள் ஒரு முறைகூடக் கேட்டுப் பார்க்கவில்லை என்பது உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது. ஒரே ஓர் எச்சரிக்கை: இரவோடிரவாகக் கிளம்பிவிடும் எண்ணம் வேண்டாம். உங்கள் விசா ஊழியத்தையொட்டித் தரப்பட்டது; முறையாக விடைபெற்றுக் கிளம்பாவிட்டால் குடியேற்றத் துறையில் சிக்கல் வரலாம், பயணச் செலவும் உங்கள் தலையில் விழலாம்.

ஊழியத் தலைவர் மருத்துவர் அல்லர். அவரிடம் சொல்வதற்கும் மனநல மருத்துவரிடம் சொல்வதற்கும் வேறுபாடு உண்டு. சபை ஏற்பாடு செய்து தரும் ஆலோசகராக இருந்தால், முதல் சந்திப்பின் தொடக்கத்திலேயே, நான் சொல்வதில் எதெது தலைவருக்குப் போகும் என்று தயங்காமல் கேளுங்கள். உங்கள் உயிருக்கு ஆபத்து என்றால் அவர் சொல்லியே ஆக வேண்டும். மற்றவற்றுக்கு உங்கள் ஒப்புதல் தேவை.

அம்மா

இந்தப் பகுதியில் உங்களுக்குப் பொய்யாக ஆறுதல் சொல்ல மாட்டேன். உங்கள் ஊர்ச் சபை சில குடும்பங்கள் மட்டுமே கூடும் சிறு கிளை. நீங்கள் முன்கூட்டித் திரும்பினால் பேச்சு வரும், ஞாயிறு கூட்டத்தில் யாராவது ஒருவர் “என்ன தம்பி, அதற்குள்ளே வந்துவிட்டாய்?” என்று கேட்பார். சபைக்கு வெளியே உள்ள உறவினர்கள், முதலிலிருந்தே இது பிடிக்காதவர்கள், இன்னும் கூர்மையாகக் கேட்பார்கள். “உடம்பு சரியில்லை, சிகிச்சைக்காக அனுப்பினார்கள்” என்ற ஒரே வாக்கியத்தை முன்கூட்டியே தயாராக வைத்துக்கொண்டு, அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தராமல் இருந்தவர்கள்தான் என் அனுபவத்தில் சீக்கிரம் மீண்டார்கள். அது உண்மையும்கூட.

ஆனால் ‘அம்மா தாங்கமாட்டார்’ என்று எழுதியிருப்பதை நான் ஏற்கவில்லை. கணவனை இழந்தபின் ஒரு பிள்ளையை வளர்த்து, வளையலை வைத்துக் கடல் கடந்து அனுப்பியவர் அவர். 2019 பிப்ரவரி வரை உங்களைப் போன்றவர்கள் ஆண்டுக்கு இரண்டு முறை மட்டுமே வீட்டாரோடு தொலைபேசியில் பேச முடிந்தது. இப்போது வாரந்தோறும் முகம் பார்த்துப் பேசலாம். அந்த வாய்ப்பை நான்கு மாதங்களாகச் சிரித்துக் காட்டவே பயன்படுத்தி வந்திருக்கிறீர்கள். கேமராவைக் கழுத்துக்கு மேலே மட்டும் காட்டுகிறீர்கள், மெலிந்தது தெரியக்கூடாது என்று. தாய்க்குக் கன்னம் தெரியாதா? அவர் கேட்காமல் இருப்பது, கேட்டால் நீங்கள் உடைந்துவிடுவீர்களோ என்ற பயத்தினாலும் இருக்கலாம். தலைவருக்கு மடல் எழுதும் அதே திங்கட்கிழமை அவரிடமும் சொல்லிவிடுங்கள். லாரியைப் பற்றித் தொலைபேசியில் சொல்ல வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். தூரத்தில் தனியாக இருக்கும் அவருக்கு, பக்கத்தில் ஆள் இருக்கும்போது, மருத்துவரைப் பார்க்கப் போகிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்வது நல்லது. மறைக்க வேண்டாம்.

இன்னொன்று மிச்சம் இருக்கிறது. ஆவிக்குரிய வளர்ச்சி தனக்கு நின்றுவிட்டது, ஜெபத்தில் எதையும் உணரமுடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மனச்சோர்வில் உணவின் ருசி போவது போலவே ஜெபத்தின் ருசியும் போகும். நாக்கில் ருசி இல்லாததால் சோறு கெட்டுவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. வளர்ச்சி எங்கே நடந்தது என்று பார்க்க, நான் உங்கள் உணர்வுகளைவிட உங்கள் நோட்டுப் புத்தகத்தையே நம்புவேன். சூறாவளி போன மறுநாள், ஒரு மீனவரின் வீட்டுக்குக் கூரை போட உதவியதை நீங்கள் அதில் ‘வீணான மூன்று மணி நேரம்’ என்று தேதியிட்டு எழுதியிருக்கிறீர்கள். பாடம் எதுவும் சொல்லித் தராததால் வாராந்தரக் கணக்கில் அதைச் சேர்க்க முடியவில்லை என்பது உங்கள் வருத்தம். அவர் ஆணி அடிக்க, நீங்கள் மழையில் தகட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். அரைகுறைச் செபுவானோவில் அவர் மகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அவருடைய தாயின் கையை எடுத்து, அந்த ஊர் வழக்கப்படி, உங்கள் நெற்றியில் வைத்து விடைபெற்றிருக்கிறீர்கள். பத்து மாதத்துக்கு முன் ஊரைவிட்டுக் கிளம்பிய பையனுக்கு இவற்றில் ஒன்றும் தெரிந்திருக்காது.

அந்த நோட்டுப் புத்தகத்தைக் கிழித்துப் போடவும் வேண்டாம், இனி அதில் எழுதவும் வேண்டாம். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அப்படியே எடுத்துப் போங்கள். எத்தனை பக்கம், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அவருக்குப் பயன்படும். கூரைத் தகடு பற்றி எழுதிய பக்கத்தையும் அவருக்குக் காட்டுங்கள்.